வடிவாய்

படிவத்தைச் செய்தது நான்தான்.
கொக்குவிலில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
மூன்று மாதம்.
ஏழு நீலங்களை அருகருகே வைத்துப் பார்த்து
ஒன்றைப் பிடித்தேன்.
'நல்ல வடிவாயிருக்கு' எண்டார்கள் எல்லாரும்.

காரைநகரிலிருந்து வதனரூபி வந்தார்.
இணையவழிக் கணக்கியல், ஒன்பது மாதம்,
கட்டணம் தவணையில்.
கைபேசியைக் காதோடு வைத்து
"தொடங்கட்டோ?" எண்டார்.
திரைவாசிப்பான் கதைத்த வேகம்
மீன்சந்தை ஏலம்.
எனக்குப் பாதி பிடிபடவில்லை.
அவருக்கு அது ஆறுதலாய்த்தான் கதைத்ததாம்.

"திருத்தும் பெட்டி. நட்சத்திரம்."
"நட்சத்திரமோ? பூராடம்" எண்டு சிரித்தார்.
"சாதகமும் பாப்பியளோ?"
கட்டாயம் நிரப்ப வேண்டியதற்கு
நான் வைத்த குறி அது.
எதை நிரப்ப என்பதை
பெட்டிக்குள் வெளிர்சாம்பலில் எழுதியிருந்தேன்.
குரல் அதைத் தொடவேயில்லை.

குடும்பப்பெயர் கேட்டது.
தகப்பன் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ?
ஊகித்துப் போட்டார்.
சமர்ப்பித்தார்.
"சிவப்பில் உள்ளவற்றைத் திருத்தவும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் படம்.
ஒன்பது சதுரம்,
எந்த நாட்டுத் தெருவோ.
போக்குவரத்து விளக்குகளைத் தெரிவு செய்க,
நீங்கள் மனிதர் என்பதை உறுதிப்படுத்த.
"நான் மனிசி எண்டதுக்கு
இப்ப நீர்தான் சாட்சி" எண்டார்.

புகைப்படம் ஏற்றும் இடத்தில்
விதி ஒன்று உண்டு:
இரு கண்களும் திறந்திருத்தல் வேண்டும்.
எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டியது.
ஒட்டிய கை என்னுடையது.
குரல் அதை மட்டும்
ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தது.

அவர் கண் எப்படிப் போனது?
நான் கேட்கவில்லை.
ஆனால் படிவம் கேட்டிருந்தது,
இரண்டாம் கேள்வியாக, பேருக்கு அடுத்தே:
குறைபாடு உண்டா, என்ன வகை, எப்போதிருந்து.
"இதைத் தெரிஞ்சு என்ன செய்வியள்?
என்ன வேணும் எண்டு கேட்டால்
சொல்லுவன்.
பாடக்குறிப்பு ஒலியாய் வேணும்.
சோதனைக்கு அரை மணித்தியாலம் கூட வேணும்.
அவ்வளவுதான்."

பத்து நிமிடம் முடிந்து
பக்கம் தானாய் வெறுமையானது.
எழுதியதெல்லாம் போச்சு.

எழும்பும்போது சொன்னார்:
"வடிவு எண்டு சொல்லுகினம்.
ஆனால் இது
வடிவாச் சொல்லுதில்லையே, பிள்ளை."

அன்றிரவு சங்கீர்த்தனும் நானும் இருந்து பிரித்தோம்.
ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே பெயர்.
சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு வசனம்,
எங்கே பிழை, எப்படித் திருத்த.
சதுரப்படம் போனது. நேர எல்லை போனது.
பெயருக்கு ஒரே பெட்டி:
உங்களை எப்படி அழைப்பார்களோ அப்படி எழுதுங்கோ.

பதினொரு மணிக்கு அவனுக்குக் கொட்டாவி.
"இப்பிடி இன்னும் எத்தினை பேர் வரப்போகினம்?"
வராதவையை எப்படி எண்ணுவது?
பழைய அட்டவணையைத் திறந்தேன்.
முதற்பக்கத்தோடு திரும்பியவர்கள் நூற்றுப் பதினேழு.
அந்த நிரலுக்கு
'ஆர்வமில்லை' என்று
தலைப்பிட்டிருந்தோம்.

அடுத்த செவ்வாய் அவர் மறுபடி வந்தார்.
எட்டு நிமிடம்.
நான் வாய் திறக்கவில்லை,
திறக்கத் தேவையும் வரவில்லை.
"விண்ணப்பம் கிடைத்தது" என்றது குரல்.
இலக்கத்தை ஒருமுறை கேட்டு
மனதில் போட்டுக்கொண்டார்.
சங்கீர்த்தன் தேத்தண்ணிக்குச் சொல்லக் கீழே ஓடினான்.

பிறகு கட்டணம்.
அந்தப் பக்கம் வங்கியுடையது.

பொத்தான், என்றது.
பொத்தான்.
பொத்தான்.
பொத்தான்.

வதனரூபி விரலைத் தூக்கிக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்.

வங்கிக்குக் கடிதம் தொடங்கியிருக்கிறேன்.
மூன்றாவது வரைவு.
இன்னும் வடிவாய் எழுத வேண்டும்.